மரை போன பிளாஸ்டிக் ஸ்டாக்: பித்தளை இன்சர்ட் வைத்துச் சரிசெய்த அனுபவம்

என்னிடம் இருப்பது .177 (4.5 மி.மீ. குண்டு) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். கட்டை, அதாவது ஸ்டாக், மரமில்லை, கறுப்பு பிளாஸ்டிக். தோளில் படுகிற ரப்பர் பேடை இரண்டு ஸ்குரு பிடித்திருக்கும். நான் சுடும்போது பேடுக்கும் கட்டைக்கும் நடுவில் நீளம் கூட்டும் ஸ்பேசர் துண்டு வேண்டும். மகள் சுடும்போது அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கட்டை அவளுக்கு நீளம். இப்படிக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டியே கீழ் ஸ்குருவின் ஓட்டையில் மரை போய்விட்டது. ஸ்குரு சும்மா சுற்றுகிறது, இறுகவே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் அதன் பள்ளங்களில் சுருள் சுருளாகக் கறுப்புச் செதில்.

தச்சு வேலை தெரிந்த சித்தப்பா, "ரெண்டு தீக்குச்சிய ஃபெவிக்கால்ல முக்கிச் சொருகுப்பா, நிக்கும்" என்றார். கதவுக் கீலுக்கு நிற்கும்தான். மரம் பசையைக் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது. தவிர, இந்த ஸ்டாக் உள்ளே பொள்ளல். ஸ்குரு இறங்குவது ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழலுக்குள். குச்சியைத் திணித்து ஸ்குருவை முறுக்கினால் குழல் நெடுக்காக வெடிக்கும். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் சேர்ந்தால் நொடியில் கல்லாகிவிடும் என்பது பலருக்குத் தெரியும். டிவி ரிமோட்டுக்கு அது போதும். ஆனால் அந்தக் கல் உதிரக்கூடிய கல். ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் இந்த இரட்டைக் குலுக்கல் உண்டு. அதில் கல் நிற்காது என்று அதைத் தொடவில்லை.

முதலில் தெரியவேண்டியது இது என்ன பிளாஸ்டிக் என்பதுதான். ஓட்டையிலிருந்து சுரண்டிய செதிலைச் சூடான ஊசியால் தொட்டு முகர்ந்தேன். முடி கருகிய நாற்றம் வந்தது. அப்படியென்றால் நைலான், பெரும்பாலும் கண்ணாடி நார் கலந்தது. மெழுகுவர்த்தி அணைந்த வாடை வந்திருந்தால் பாலிப்ரொப்பிலீன். அதில் எபாக்ஸி (இரண்டு டியூபைக் கலந்து போடும் பசை) சுத்தமாக ஒட்டாது. நைலானிலும் சுமாராகத்தான் ஒட்டும். அதனால் பசையின் பிடியை நம்பாமல், பசை பூட்டிக்கொள்ள இடம் செய்துகொடுப்பது என்று முடிவு. எந்தக் கம்பெனி எபாக்ஸி என்பது என்னைப் பொறுத்தவரை அதற்கப்புறம்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எம்4 (4 மி.மீ. ஸ்குருவுக்கான) பித்தளை இன்சர்ட் வாங்கினேன். வெளிப்பக்கம் சொரசொரப்பாக, உள்ளே மரையோடு இருக்கும் சின்ன உருளை. 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கிப் பிளாஸ்டிக்குள் அழுத்துவார்கள். எனக்கு அந்த வழி வேண்டாம் என்று தோன்றியது. நைலான் 6 உருகுவதற்கே 220 டிகிரி வேண்டும். என் சின்ன அயர்னை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் அழுத்தினால் குழல் வளைந்துவிடும். இன்சர்ட் கோணலாக உட்கார்ந்தால் பேடும் கோணல்தான்.

வேலைக்கு முன் குண்டு இல்லை, ஸ்பிரிங் இழுத்து ஏற்றிவைக்கப்படவில்லை என்று பார்த்துவிட்டு, இரும்புப் பாகம் முழுவதையும் கட்டையிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தேன். ஓட்டையை இன்சர்ட் தளர்வாக இறங்கும் அளவுக்குப் பெரிதாக்கினேன். டிரில் மெஷினில் போடாமல் பிட்டைக் கையில் பிடித்துத்தான் திருகினேன். மெஷின் வேகத்தில் நைலான் இளகிப் பிட்டில் ஒட்டிக்கொள்ளும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் குழலின் சுவரையும் அளந்துகொள்ளுங்கள். ஓட்டை பெரிதான பிறகும் சுற்றிலும் 2 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு. அது இல்லையென்றால் இந்த வழியே வேண்டாம்.

பிறகு கோணூசியின் நுனியை வளைத்து, ஓட்டையின் உள்சுவரில் வளையம் வளையமாகக் கீறினேன். பொறுமை கேட்கிற வேலை. விரல் வலிக்கும். ஆனால் எபாக்ஸி போய் இறுகப் போவது அந்தக் கீறல்களில்தான். முடிந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்தேன். குழலின் அடி திறந்திருந்ததால் எம்-சீல் உருண்டை ஒன்றை உள்ளே தள்ளி அடைத்தேன். இல்லாவிட்டால் பசையெல்லாம் பொள்ளலுக்குள் வழிந்துவிடும்.

எம்4 ஸ்குருவில் ஷூ பாலிஷை நன்றாகத் தேய்த்து, இன்சர்ட்டை அதில் ஏற்றி, அடி வாயை மெழுகால் மூடினேன். பசை மரைக்குள் போய்விட்டால் கதை முடிந்தது, அதற்குத்தான் இத்தனை. ஐந்து நிமிட எபாக்ஸி வேண்டாம், மெதுவாக இறுகும் அரால்டைட்தான். கண்ணாடி நார்ப் பாயிலிருந்து சில இழைகளைப் பொடியாக நறுக்கி அதில் கலந்து, பல்குச்சியால் சுவரெல்லாம் தடவினேன். ஸ்குரு நேராக நிற்க ரப்பர் பேடையே அச்சாக வைத்துக்கொண்டேன். நடுவில் பாலித்தீன் தாள், மேல் ஸ்குரு அதன் இடத்தில், கீழ் ஸ்குரு இன்சர்ட்டோடு. முறுக்கவில்லை, உட்காரும் அளவுக்கு மட்டும். கட்டையைப் பேடு மேலே வருகிற மாதிரி மூலையில் சாய்த்துவைத்து 24 மணி நேரம் யாரையும் தொடவிடவில்லை.

மறுநாள் ஸ்குருவைத் திருப்பினால் முதலில் அசையவில்லை. கொஞ்சம் அழுத்தம் கொடுத்ததும் டக்கென்று பாலிஷ் விட்டது, பிறகு விரலாலேயே கழன்று வந்தது. இப்போது பேடை மாற்றுவது இரும்பும் பித்தளையும் சேர்கிற விவகாரம், பிளாஸ்டிக் தேய வழியில்லை.

இது பேடு ஸ்குருவுக்கான வைத்தியம். இரும்புப் பாகத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஸ்குருக்களின் மரை போனால் அது இரும்பில் உள்ள மரை, அதற்கு ஹெலிகாயில் (ஓட்டைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடவேண்டும். இன்னொன்று, 2016 ஆயுத விதிகளின்படி .177 அளவுக்குள், குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் வீட்டில் உட்கார்ந்து நோண்டலாம். லைசென்ஸ் துப்பாக்கி என்றால் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் கேட்கிறது சட்டம். உரிமம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

மேல் ஓட்டை இன்னும் பழைய மரையிலேயே ஓடுகிறது. அதில் ஸ்குருவைப் போடும்போது முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுகிறேன். பழைய மரையின் வாயில் அது லேசாக இறங்குவது விரலுக்குத் தெரியும். அப்புறம்தான் வலப்பக்கம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு தடவையும் புது மரை வெட்டாமல் பழைய பாதையிலேயே போகிறது. அதுவும் தேய்ந்தால் போட, மீதி இன்சர்ட்டுகள் டப்பாவில் இருக்கின்றன.