தூதர் மனைவியின் முகமும் 40 அங்குல கேன்வாஸும்

1970களில் அமெரிக்க பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலிடம் உருவப்படம் செய்துகொண்டவர்களில் தொழிலதிபர்களின் மனைவியரும் அரச குடும்பத்தினரும் அதிகம். தூதரக வட்டமும் அதற்கு வழி திறந்தது. ஐ.நா.வில் ஈரானின் தூதராக இருந்த ஃபெரேதூன் ஹொவெய்தாவுடன் பழக்கம் இருந்ததால்தான் பேரரசி ஃபராவைப் படமெடுக்க 1976இல் வார்ஹோல் டெஹ்ரான் போனார். அந்தப் படங்களின் வழக்கமான அளவு 40க்கு 40 அங்குலம். முதல் கேன்வாஸுக்கு 25,000 டாலர். வலை கட்டிய ஸ்கிரீன் வழியாக மையை அழுத்தி அச்சடிக்கும் அதே சில்க்ஸ்கிரீன் முறையில் இன்று வேலை செய்பவர்களுக்கும் கஷ்டமான கட்டம், புகைப்படத்தை ஸ்கிரீனுக்கு மாற்ற உதவும் கறுப்பு உருவம் பதிந்த தெளிவான தாளான பாசிட்டிவ் ஃபிலிம்தான். சாயல் அங்கே தப்பினால் ஸ்கிரீனில் மீட்க வழியே இல்லை.

வார்ஹோல் பயன்படுத்திய போலராய்டு பிக் ஷாட் கேமராவில் ஃபோகஸ் மாற்ற முடியாது. முகத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் தூரத்துக்கு நாம்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஃபிளாஷ் நேராக முகத்தில் அடிக்கும். அதற்கு முன் முகத்தில் வெள்ளைப் பூச்சைக் கனமாகப் போடுவார்கள். அப்போதுதான் சுருக்கமும் மூக்கோரக் கோடும் மறைந்து, கண், புருவம், நாசித்துளை, உதடு மட்டும் கறுப்பாக நிற்கும். கழுத்துக்கும் தோளுக்கும் பூச மறந்தால் அவை சாம்பல் புள்ளிகளாக அச்சாகி, முகம் முகமூடி மாதிரி தனியாகத் தெரியும்.

தூதர் மனைவி விருந்துக்குப் போகும் அலங்காரத்தோடுதான் வந்து உட்காருவார். வைரமும் முத்தும் ஃபிளாஷில் வெளுத்து, ஃபிலிமில் விளிம்பே இல்லாத வெள்ளை ஓட்டைகளாகிவிடும். பெரிய தோடு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றச் சொல்வதே நல்லது. தோட்டின் விளிம்பைப் பிறகு ஃபிலிமில் கையால் வரைந்து சேர்க்கலாம். இரட்டைத் தாடையும் ஃபிலிமில்தான் சரியாகும்: தாடை நிழலைப் பிளேடால் செதுக்கி, கழுத்தை நீட்டிக் காட்டுவார்கள். அளவாகச் செய்தால் அவர் சந்தோஷப்படுவார். அரை அங்குலம் அதிகமாக வெட்டினால் அது வேறொரு பெண்ணின் படம்.

கேன்வாஸில் நிறம்தான் முதலில், ஸ்கிரீனில் அடிக்கும் கறுப்பு கடைசியில். பெரிதாக்கிய ஃபிலிமை கேன்வாஸ்மேல் வைத்து, அடியில் கார்பன் தாள் கொடுத்து உதடு, இமை, முடியின் எல்லைகளைப் பிரதியெடுத்து, அக்ரிலிக்கில் தட்டையாக நிரப்ப வேண்டும். கறுப்பு விழுந்ததும் எந்த நிறமும் ஒரு படி இருண்டு தெரியும் என்பதால், உதட்டுச் சிவப்பை வேண்டியதைவிடத் துணிந்து பளிச்சென்று வைக்கலாம்.

கேன்வாஸை ஃபிரேமில் இழுத்துக் கட்டிய பிறகு அச்சடித்தால் நடுப்பகுதி அமுங்கி, கன்னத்தில் மை திட்டாகும். கட்டாமல் மேசையில் விரித்தே அடிக்க வேண்டும். துணிக்கு 43T மெஷ் (செ.மீ.க்கு 43 இழை உள்ள ஸ்கிரீன் வலை) போதும். சாயலைக் காட்டும் அச்சுப் புள்ளிகளின் வரிசை அங்குலத்துக்கு 25க்கு மேல் போனால் நுண்புள்ளிகள் நிற்காது. கேன்வாஸுக்கும் ஸ்கிரீனுக்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி வைத்து, மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியை ஒரே இழுப்பில் நிற்காமல் கொண்டுபோக வேண்டும். நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் கோடு விழும். அக்ரிலிக் மை மெஷ்ஷில் சீக்கிரம் காயும், அதுவும் இமைமயிர் போன்ற மெல்லிய இடத்தில் முதலில் அடைக்கும். மையில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்து, அடித்த உடனே ஸ்கிரீனைக் கழுவிவிட வேண்டும். நிறம் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விலகினால் பதற வேண்டாம், அந்த விலகல்தான் இந்தப் படங்களுக்கு உயிர். ஆனால் கண்ணின் வெள்ளை விலகினால் பார்வை கோணலாகிவிடும். அங்கே மட்டும் சலுகை கிடையாது.

தூதர் குடும்பம் சில ஆண்டுகளில் நாடு மாறும், படமும் கூடப் போகும். அதை ஒப்படைக்கும்போதே பேக்கிங் விவரத்தையும் எழுதிக் கொடுப்பது அவசியம். வெயிலில் அக்ரிலிக் இளகும். பபிள் ராப்பை நேரடியாகச் சுற்றினால் முகம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம் பதியும். முதலில் நிறத்தில் ஒட்டாத சிலிகான் ரிலீஸ் தாள் வைக்க வேண்டும். சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால் 15 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள குழாயில், நிறப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் நிறப்படலம் நெருக்குண்டு மடிப்பு விழும்.