டிசி கைக்கு வந்தது, எமிஸில் பையன் வரவில்லை

ஒருவழியாகச் சின்னவனை அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது. இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து எடுத்து வீட்டில் படிக்க வைத்திருந்தோம், பெரியவள் இன்னும் வீட்டிலேயே தொடர்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு விதமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அவனுக்கு நாலு பிள்ளைகளோடு கத்திக்கொண்டே படித்தால்தான் ஏறுகிறது, அவளுக்குச் சத்தமே ஆகாது, அவ்வளவுதான். அந்த விவாதத்தை அவரவர் வீட்டில் நடத்திக்கொள்ளுங்கள். நான் எழுத வந்தது காகித விவகாரம். தமிழ்நாட்டில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். திரும்பச் சேர்க்கத்தான் செருப்பு தேய்கிறது.

முதலில் எல்லோருக்கும் வரும் பயம்: வீட்டில் படிக்க வைப்பது சட்டவிரோதமா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவில் சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் கிடையாது. வீட்டுக்கல்வி என்று ஒரு வகையும் அதில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் நிற்கிறோம். இது முன்பே தெரிந்திருந்ததால் மிரட்டல்களுக்கு நாங்கள் அசரவில்லை.

டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், வாங்கப் போனபோது பள்ளி அலுவலகத்தில் இருந்தவர், "எந்த ஸ்கூல்ல சேர்க்கிறீங்க?" என்றார். வீட்டில்தான் என்றோம். "அப்படி ஒரு காரணம் கம்ப்யூட்டர்ல இல்லையே மேடம்." கடைசியில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் சீல் குத்திய தாள் கிடைத்தது, கட்டணப் பாக்கி இல்லை, முடிந்தது என்று வந்துவிட்டோம்.

சில மாதம் கழித்து கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வீடு தேடி வந்தார். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. நல்ல மனிதர். மகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார், கையில் என்ன புத்தகம் என்று விசாரித்தார், ஏன் அனுப்பவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். இப்படி யாராவது வந்தால் பதறாமல் உட்கார வைத்துப் பேசுங்கள், பிள்ளை செய்த வேலைகளைத் தேதி போட்டுக் கோப்பாக வைத்திருந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். ஒரு விஷயம் மட்டும் அன்று இடித்தது. அவர் பட்டியலில் பெரியவள் பெயர்தான் இருந்தது. சின்னவனைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஏன் என்று பின்னால் புரிந்தது.

அவன் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்ததும் முதலில் பார்த்தது ஒரு தனியார் பள்ளி. 'திறன் அறிதல்' என்ற பெயரில் ஒரு பரீட்சை, பெற்றோரிடம் ஒரு நேர்காணல், அப்புறம் "ஒரு கிளாஸ் இறக்கித்தான் போடுவோம்." கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு பிள்ளையையும் பெற்றோரையும் வடிகட்டித் தேர்வு செய்வதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். இதைச் சொன்னதும் அந்தப் பள்ளி முதல்வர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அங்கே சேர்க்கும் ஆசையே போய்விட்டது.

அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை நேர் எதிர். நான்காவது பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது, தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சி உண்டு என்று அவரே எங்களுக்குச் சொன்னார். "நாளைக்கே அனுப்புங்க" என்றார். பையன் போய் உட்கார்ந்தும்விட்டான். ஆனால் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், ஏற்ற முடியவில்லை.

இங்கேதான் சிக்கல். டிசி கொடுக்கும் பள்ளி, தாளைத் தருவதோடு எமிஸிலும் பிள்ளையை விடுவிக்க வேண்டும். அப்போதுதான் பெயர் பொதுத் தொகுப்புக்கு வரும், பள்ளிக்காரர்கள் காமன் பூல் என்பார்கள். அங்கிருந்துதான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பெரியவளை விடுவித்திருந்தார்கள், அதனால்தான் அவளைத் தேடி ஆள் வந்தது. சின்னவனை விடுவிக்கவே இல்லை. நம் வீட்டுத் திண்ணையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், பதிவேட்டில் அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பை முடித்து ஐந்துக்குத் தேறியிருந்தான்! மறதியா, எண்ணிக்கை குறையக் கூடாது என்ற கணக்கா, தெரியாது.

பழைய பள்ளிக்குப் போன் செய்தால் "மேடம் லீவு", "சர்வர் டவுன்", "அடுத்த வாரம் பாருங்க". நேரில் போனால் டிசி கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன வேண்டும் என்று எரிந்து விழுந்தார்கள். கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு கடிதம் எழுதினோம். டிசியின் எண், தேதி, பையனின் எமிஸ் எண், இன்னும் விடுவிக்கவில்லை என்ற ஒரு வரி. அதை மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் கொடுத்து, நகலில் பெறப்பட்டது என்று முத்திரை வாங்கி, அந்த நகலைப் பழைய பள்ளியின் மேசையில் வைத்தோம். லீவில் இருந்த மேடம் உள்ளே இருந்து வந்தார். அன்று மாலையே அரசுப் பள்ளித் தலைமையாசிரியை போன் செய்து, பெயர் வந்துவிட்டது என்றார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே டிசி வாங்கும் அன்றே, திரையில் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போனதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை நாற்காலியை விட்டு எழ வேண்டாம். கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி டிசியை நிறுத்தினால், 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் டிசி ஒன்றும் பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சொன்னதை நினைவூட்டுங்கள். ஆதார், பிறப்புச் சான்று, டிசி மூன்றிலும் இன்ஷியல் ஒரே இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு ஆதாரில் பின்னால், டிசியில் முன்னால். அதற்கு ஒரு நாள் தனியாகப் போனது.

முடிவெடுக்கும்போது பலர் யோசிக்காத கணக்கு ஒன்று உண்டு. மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் படிப்பைத்தான் பார்க்கிறார்கள். பெரியவள் ஆறாம் வகுப்பை வீட்டில் கழித்ததோடு இவை போயின. தெரிந்தேதான் விட்டோம், அவளுக்கு வரைவதைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. பையனுக்கு மருத்துவ ஒதுக்கீட்டின் வாசல் திறந்தே இருக்கிறது.

அவளுக்கு அடுத்தது என்ஐஓஎஸ், அதாவது பள்ளிக்குப் போகாமலே தேர்வெழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்க வேண்டும், எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டால் சுய உறுதிமொழி போதும். ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு. 'தேர்ச்சிக்கு நாங்க பொறுப்பு' என்று பேசும் இடைத்தரகர் ஒருவர் இப்போதே எண்ணைக் கண்டுபிடித்துக் கூப்பிடுகிறார். இணையதளத்தில் நாமே நேரடியாகப் பதியலாம் என்று சொன்னதும் லைனை வைத்துவிட்டார். இப்போதைக்கு எங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை, பதினொன்றில் எந்தப் பிரிவு வேண்டுமானாலும் கிடைக்கும்படி கணக்கும் அறிவியலும் சேர்த்து ஐந்து பாடங்களை முடிவு செய்வது. அவள் ஓவியத்தையும் அதில் சேர்த்தே ஆக வேண்டும் என்கிறாள்.