எந்த இடம், யாரிடம்?

செப்டம்பர் 9
சூரிய இயற்பியலில் பிஎச்.டி. செய்ய எங்கே போகலாம் என்று துறைத்தலைவர் மேடத்திடம் கேட்டேன். "பெங்களூரு போ" என்று முடித்துவிட்டார். அவர் சொன்னது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தை. இங்கே கோடைக்கானலில் மேலே இருக்கும் சூரிய வான்நோக்கு நிலையமும் அவர்களுடையதுதான். பதிலில் தப்பில்லை. மேடம் படித்ததும் பெங்களூருவில்தான்.

செப்டம்பர் 12
மழை. அட்டுவம்பட்டியில் கரண்ட் இல்லை.

செப்டம்பர் 15
லேப் சார் கேள்வியையே மாற்றச் சொன்னார். "எந்த இடம் நல்லதுன்னு கேட்டா அவங்கவங்க படிச்ச இடத்தைச் சொல்லுவாங்கம்மா. உங்க மாணவர்கள் எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு கேளு." இன்னொன்றும் சொன்னார்: வழிகாட்டி ஓய்வு பெற எத்தனை வருஷம் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பாதியில் ஆள் மாறினால் தலைப்பும் மாறிவிடும்.

செப்டம்பர் 18
சாருக்குத் தெரிந்த வடநாட்டுப் பேராசிரியர் ஒருவரோடு போனில் முக்கால் மணி நேரம். நான் கேட்டதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். "உனக்குப் பழைய தரவு பிடிக்குமா, கருவி பிடிக்குமா?" பழைய தரவு என்றால் கோடைக்கானலை விட்டு எங்கும் தேட வேண்டாம் என்றார், 1904-லிருந்து இங்கே சூரியனை நாள்தோறும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். கருவி என்றால் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தைப் பார்க்கச் சொன்னார். 2023-இல் போன அதில் சூரியனின் வெளி மண்டலமான கரோனாவைப் பார்க்கும் கருவியைச் செய்தது பெங்களூரு நிறுவனம், புற ஊதாத் தொலைநோக்கியைச் செய்தது புனேயில் இருக்கும் ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையம். உதய்ப்பூரில் ஏரி நடுவே ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது, சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் காற்றின் கொந்தளிப்பு குறைந்து படம் ஆடாது. அது அகமதாபாத்தில் இருக்கும் பிஆர்எல் என்ற இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது. ஊரை வைத்துத் தேடாமல் வேலையை வைத்துத் தேடு என்பதுதான் அவர் சொல்ல வந்தது என்று போனை வைத்த பிறகு புரிந்தது.

சிக்னலுக்காகக் கடைசிவரை மொட்டை மாடியிலேயே நின்றேன். காது உறைந்துவிட்டது.

செப்டம்பர் 21
அந்தப் பேராசிரியர் கொடுத்த எண்ணில் ஓர் ஆராய்ச்சி மாணவி அக்காவிடம் பேசினேன். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அது எல்லாருக்கும் தெரியும். "பணம் மாசாமாசம் வருதா, எழுதிக் கொடுத்ததை உங்க கைடு எத்தனை நாள்ல படிச்சுத் தர்றாருன்னு கேளுடா" என்றார். இதைப் பேராசிரியர்களிடம் கேட்டால் பதில் கிடைக்காது. மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 25
இரண்டு பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். ஒருவரிடமிருந்து மாலையே பதில்: இந்த வருஷம் மாணவர்களை எடுக்கவில்லை, ஆனால் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பேராசிரியைக்கு எழுதிப் பார். அவருடைய கட்டுரை ஒன்றை இறக்கி வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் கணக்கு. படிக்காமல் எழுதினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எனவே ஞாயிறு வரை மெயில் இல்லை.