எப்படி வந்துச்சு மேடம்?

போதையை விட எங்கள் மையத்துக்கு வரும் ஒரு தம்பிக்காக, அவனை வேலைக்கு எடுக்கவிருந்த கம்பெனிக்காரரிடம், பச்சை குத்தினாலும் இது வரும் என்று நான் போனில் சொன்னது பொய்யில்லை. ஹெபடைடிஸ் சி கல்லீரலைத் தாக்கும் வைரஸ், ரத்தம் வழியாகப் பரவுவது. சுத்தமில்லாத பச்சை ஊசியிலும் பரவும். அந்தத் தம்பியின் கையில் அவன் அம்மா பெயர் பச்சையாக இருப்பதும் நிஜம். ஆனால் கூட்டாளிகளோடு ஒரே ஊசியில் போதை மருந்து போட்டுக்கொண்ட கதை எனக்கும் தெரியும்.

வேலைக்கான மெடிக்கலில் ஆன்டிபாடி, அதாவது வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், பாசிட்டிவ். வரத்தான் செய்யும். 12 வாரம் சோஃபோஸ்புவிர், டக்ளாடாஸ்விர் மாத்திரை போட்டு முடித்து, அதற்கு 12 வாரம் கழித்து ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு டெஸ்டில் வைரஸ் இல்லை என்று வந்தவனுக்கும் ஆன்டிபாடி ரத்தத்தில் நிற்கும். 2018-இல் ஹெபடைடிஸுக்கான தேசியத் திட்டம் வந்தபின் மாத்திரை இலவசம். குணமானதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு.

"நீங்களே பேசிடுங்கக்கா" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டான். கம்பெனிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டுமா என்றார், ஒட்டாது என்றேன். சரி, முடிந்தது என்று நினைத்தபோது கேட்டார், "எப்படி வந்துச்சு மேடம்?"

அதைச் சொல்ல முடியாது சார் என்று நிறுத்தியிருக்கலாம். முறைப்படி அதுதான் பதில். ஆனால் அப்படிச் சொன்னால் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். அதனால்தான் பச்சை. வேலையும் கிடைத்தது. இனி பச்சையோடு அங்கே வேலைக்குப் போகிறவன் பாடு என்னவோ.

போனை வாங்கிக்கொண்டே அவன் சொன்னான், "ஊசின்னே சொல்லியிருக்கலாமேக்கா. இப்ப விட்டுட்டான்னும் சொல்லியிருக்கலாம்ல."

"வேலை போயிருக்கும்டா" என்றேன். சிரித்தான்.

தினமும் வந்து, போதை ஊசிக்குப் பதிலாகத் தரும் புப்ரெநார்ஃபின் மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, அது கரையும்வரை வாய் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். வைரஸைத் துரத்தியது அந்த 12 வார மாத்திரை. ஊசியை விட்டது அவன். சி-க்குத் தடுப்பூசி கிடையாது, குணமானவனுக்கும் மறுபடி தொற்றும். அப்படிப் பார்த்தால் அவன் விட்டதுதான் பெரிய சேதி. நான் மாத்திரையைப் பற்றி மட்டும் விலாவாரியாகப் பேசியிருக்கிறேன்.

இன்னொரு முறை அதே போன் வந்தாலும் ஊசி என்று சொல்வேனா? மாட்டேன். சோறு போடுவது வேலைதான். ஆனால் அதை முடிவு செய்ய நான் யார் என்று அடுத்த நிமிடமே தோன்றுகிறது.

அப்புறம் இன்னொருவனுக்கும் இதே மெடிக்கல் சிக்கல். போன் போடும் முன்பே கேட்டேன், "எப்படி வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பார்த்து எதையாவது சொல்லுங்கக்கா" என்றான்.