வரிசையில் நுழைந்தவனுக்குப் பைப் ரெஞ்சு

ஜேம்ஸ் கன் இப்போது பெரிய ஆள். 2014இல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி', 2025இல் 'சூப்பர்மேன்' என்று கோடிகளைக் கொட்டிப் படம் எடுக்கிறார். அவரே 2010இல் சுமார் 25 லட்சம் டாலரில், ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசில், எடுத்த படம்தான் 'சூப்பர்'. பெயரை நம்பிக் குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். பாத்திரங்கள் எல்லாம் ஆடிப்பாடும் கார்ட்டூனோடு படம் தொடங்கும், அதையும் நம்பாதீர்கள். முடிவு உட்பட முழுக் கதையையும் பேசப்போகிறேன் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஃபிராங்க் ஓர் உணவகத்தில் சமையல்காரன். அவனுடைய வாழ்க்கையில் உருப்படியாக நடந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, சாராவைத் திருமணம் செய்துகொண்டது. மற்றொன்று, திருடனைத் துரத்தி வந்த போலீஸ்காரரிடம் 'அந்தப் பக்கம் ஓடினான்' என்று கை காட்டியது. இரண்டையும் கிரேயானில் வரைந்து சுவரில் மாட்டிவைத்திருக்கிறான். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த சாரா, ஜாக் என்ற போதைப்பொருள் வியாபாரியோடு போய்விடுகிறாள். ஜாக்காக கெவின் பேகன். மனைவியை அழைத்துப் போகவே வந்தவன், ஃபிராங்க் பொரித்துக் கொடுத்த முட்டையை ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் பாராட்டவும் செய்கிறான். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது ஃபிராங்காக நடித்த ரெய்ன் வில்சனின் முகத்தைப் பாருங்கள். கோபப்பட வேண்டும் என்பதுகூட அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

பிறகு கடவுள் வருகிறார். கூரையைப் பிளந்து, ஃபிராங்கின் மண்டையையும் திறந்து, மூளையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போகிறார். அது அருளா பைத்தியமா என்று படம் கடைசிவரை வாய் திறப்பதில்லை. அவன் சிவப்புத் துணி வாங்கி, காமிக்ஸ் சூப்பர்ஹீரோ போலத் தானே உடை தைத்து, 'கிரிம்சன் போல்ட்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, ஒரு சந்தில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்துகொள்கிறான், குற்றம் நடக்கட்டும் என்று. ஒன்றும் நடப்பதில்லை. காத்திருந்து அலுத்துப்போகிறான். ஊரில் அநியாயம் தலைவிரித்தாடுகிறது என்று நாம் தினமும் புலம்புகிறோமே, அதைத் தேடிப் போய் உட்கார்ந்தால் கொட்டாவிதான் வருகிறது என்பது எனக்குப் பெரிய சிரிப்பாக இருந்தது.

படத்தின் உயிர் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் இருக்கிறது. டிக்கெட் வரிசையில் ஃபிராங்க் நிற்கிறான். ஒரு ஜோடி நடுவில் புகுந்துகொள்கிறது. ஆட்சேபித்தால் அந்த ஆள் திமிராகப் பதில் சொல்கிறான். ஃபிராங்க் சத்தமில்லாமல் வரிசையை விட்டு விலகித் தன் காருக்குப் போகிறான். காருக்குள் குனிந்து, நெளிந்து, முட்டி மோதி உடை மாற்றுகிறான். பைப் ரெஞ்சோடு, அதாவது குழாய் திருகும் கனமான இரும்புக் கருவியோடு, திரும்பி வந்து அந்த ஆளின் தலையில் ஓங்கி ஒரு போடு. அலறும் பெண்ணுக்கும் ஒன்று.

நான் பகல் முழுவதும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். வரிசை என்பது எனக்குப் பிழைப்பு. 'ஒரே ஒரு சந்தேகம்தான்' என்று கையை நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் வருகிறவரை, பின்னால் நிற்கும் பெரியவர் எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வையிலேயே ஒரு ரெஞ்சு இருக்கும். ஆகவே ஃபிராங்க் காருக்குப் போனபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது; உடை மாற்ற அவன் பட்ட பாட்டைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். ரெஞ்சு விழுந்த சத்தத்தில் சிரிப்பு நின்றது. கன் இங்கே கேமராவைத் திருப்பிக்கொள்வதில்லை. இரத்தம் வரும், மண்டை உடையும், பக்கத்தில் நிற்பவர்கள் கதறுவார்கள்.

சாமானியன் தண்டனை கொடுக்கக் கிளம்பும் கதை நமக்குப் புதிதல்ல. 'அந்நியன்' (2005) கருட புராணத்தைப் புரட்டி, பொறுப்பற்றவர்களை எண்ணெயிலும் எருமைக் கூட்டத்திலும் தள்ளியபோது நாம் கைதட்டினோம். தண்டனை அளவுக்கு மீறியது என்பது உறைக்காதபடி பிரம்மாண்டம் பார்த்துக்கொண்டது. 'சூப்பர்' அந்தத் திரையைக் கழற்றிவிடுகிறது. போதைப்பொருள் விற்பவனுக்கும் அதே ரெஞ்சு, வரிசையில் நுழைந்தவனுக்கும் அதே ரெஞ்சு. தவறுகளில் சிறியது பெரியது என்று பிரித்துப் பார்க்கும் தராசே ஃபிராங்கிடம் இல்லை. அவன் கெட்டவன் அல்ல. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

அவனுக்கே வியர்க்கவைக்கிறாள் லிபி. காமிக்ஸ் கடையில் வேலை செய்யும் பெண்; எலியட் பேஜ் நடித்த பாத்திரம். உதவியாளாகச் சேர்ந்ததும் அவள் பார்க்கும் முதல் வேலை, தோழியின் காரில் கீறல் போட்டவன் என்று ஒருவனைப் போட்டு அடிப்பது. அவன்தானா என்று கேட்டால் அவளுக்கே நிச்சயமில்லை. காரைக் கீறியதற்காக ஓர் ஆளைக் கொல்லக் கூடாது என்று அவளுக்குப் பாடம் எடுப்பவன் யார் தெரியுமா, நம் ஃபிராங்க்! இந்த இடத்தில் கன்னின் எழுத்தைக் கும்பிடத் தோன்றியது. ஃபிராங்கின் விருப்பத்துக்கு மாறாக லிபி அவனிடம் அத்துமீறும் காட்சியை மட்டும் வேடிக்கையாக எடுத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆணுக்கு நடந்தால் நகைச்சுவையா?

ஜாக்கின் பண்ணை வீட்டுத் தாக்குதலில் லிபி செத்துப்போகிறாள். முகத்தில் குண்டு, கணநேரத்தில் ஆள் இல்லை. கடைசியில் ஜாக்கை மடக்கிப் பிடித்த ஃபிராங்க் தன் சட்டத்தை ஒப்பிக்கிறான்: வரிசையில் இடையே புகக் கூடாது, போதைப்பொருள் விற்கக் கூடாது, குழந்தைகளைத் தொடக் கூடாது, பிறர் துன்பத்தில் காசு பார்க்கக் கூடாது. எல்லாம் ஒரே மூச்சில், ஒரே குரலில். என்னைக் கொன்றால் உலகம் மாறிவிடுமா என்கிறான் ஜாக். செய்து பார்க்காமல் எப்படித் தெரியும் என்று பதில் சொல்லிவிட்டுக் குத்துகிறான் ஃபிராங்க்.

அதன் பிறகுதான் எனக்கும் படத்துக்கும் சண்டை. சாரா சில மாதம் இவனோடு இருந்துவிட்டு விலகிப் போகிறாள். படிக்கிறாள், வேறொருவரை மணக்கிறாள், குழந்தைகள் பிறக்கின்றன. ஃபிராங்கின் சுவர் முழுக்கப் படங்கள் நிறைகின்றன; அதைப் பார்த்து அவன் அழுகிறான். எனக்கும் கண் கலங்கியது. கலங்கவைத்ததற்காகவே இயக்குநர் மீது கோபம் வந்தது. இந்தக் குழந்தைகள் பிறந்ததால் எல்லாம் நேராகிவிட்டது என்பதுபோல் ஒரு வரவுக் கணக்கு. அதில் தியேட்டர் வாசலில் விழுந்து கிடந்தவர்களுக்கு இடமில்லை.

என் தம்பிக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. "அப்படியென்றால் ஜாக்கைக் கொன்றது தப்பா, அக்கா?" என்று மடக்கப் பார்த்தான். ஜாக்குக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. நான் கேட்பது அந்தப் பெண்ணைப் பற்றி. திமிராகப் பேசியவன் அவன். அவள் அலறினாள், அவ்வளவுதான்.