அம்மாவிடம் கேட்ட பிறகு எடுத்த முடிவு

எங்கள் அம்மாவுக்கு 77 வயது. நீரிழிவு வந்து 28 ஆண்டுகள் ஆகின்றன. 2019இல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு இதயத்தின் வலு குறைந்தே இருக்கிறது. இடது காது அறவே கேட்காது, வலது காது அரைகுறையாகக் கேட்கும். நாளொன்றுக்குப் பதினோரு மாத்திரைகள், இரண்டு வேளை இன்சுலின். இந்த நிலையில் சென்ற ஆண்டு அவருடைய சிறுநீரகங்கள் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன என்று தெரிய வந்தபோது, டயாலிசிஸ் தொடங்குவதா வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. அதை அவரிடமே கேட்பதற்கு எங்களுக்கு ஏழு வாரங்கள் ஆயின. அந்த ஏழு வாரங்களையும் அதற்குப் பின் நடந்ததையும், எங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில் மருத்துவர் பேசியதெல்லாம் அண்ணனிடம்தான். அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ரிப்போர்ட் பையை வைத்துக்கொண்டு, பேசுகிறவர்களின் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் மருத்துவர், "பாட்டிய வெளிய உட்கார வைங்க, பயந்துடுவாங்க" என்றார். நான்தான் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றேன். அன்று மாலை காரில் திரும்பும்போதே, முன் இருக்கையில் அம்மா கண்ணயர்ந்திருக்க, அண்ணனும் தம்பியும் நானும் தாழ்ந்த குரலில் பேசி முடிவு செய்துவிட்டோம். இந்த வயதில் ஊசி, மெஷின் என்று அவரைப் படுத்த வேண்டாம், மாத்திரையோடு இருக்கட்டும். அவர் மீதிருந்த பாசத்தினால்தான் அப்படி முடிவெடுத்தோம். ஆனாலும் அது எங்களுடைய முடிவு. அம்மாவுக்கு அதில் பங்கில்லை.

அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, காலை சர்க்கரை அளவு எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். ஒருநாள் பால்காரருக்குப் பணம் கொடுக்க அந்த டைரியைப் புரட்டியபோது, நீல மையில், வரி சற்றுச் சாய்ந்து, இப்படி எழுதியிருந்ததைப் பார்த்தேன்: "கிரியேட்டினின் 6.8. முன்னே 4.9. கால் வீக்கம் குறையவில்லை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை." சிறுநீரகம் கெடக் கெட இரத்தத்தில் ஏறும் கழிவின் அளவுதான் கிரியேட்டினின். அதற்கடுத்த வரி அரைக் கிலோ துவரம்பருப்பு. ரிப்போர்ட்டை அவரே எடுத்துப் படித்திருக்கிறார், பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டிருக்கிறார், எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அன்று இரவே அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து, டிவியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, டயாலிசிஸ் பற்றி வந்த பேச்சைச் சொன்னேன். அவர் நோயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "படுத்தா மூச்சு வரலம்மா. ஒரு மாசமா சுவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குறேன். காலை நீட்டிப் படுத்து ஒரு ராத்திரி தூங்கணும்" என்றார். ஒரே வீட்டில் இருந்த தம்பிக்குக்கூட இது தெரியாது. உடம்பில் நீர் சேர்ந்து நுரையீரலிலும் தேங்குவதால் வரும் இந்தத் தொல்லைக்கு, மாத்திரை கேட்காத நிலையில், நீரை வெளியேற்றுவதுதான் வழி. அவருக்கு வேண்டாம் என்று நாங்கள் தள்ளிவைத்த சிகிச்சைதான் அவர் கேட்டதைக் கொடுக்கக்கூடியது என்பது, அவரிடம் கேட்ட பிறகுதான் விளங்கியது.

அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, சாப்பிட்டதையே மறக்கிறார், இவ்வளவு பெரிய முடிவை அவர் எப்படி எடுப்பார் என்று கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. மாலை வேளைகளில் அம்மா குழம்பித்தான் போயிருந்தார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த மருத்துவர் முதலில் செய்தது, பதினோரு மாத்திரைகளையும் மேசையில் கொட்டி ஒவ்வொன்றும் எதற்கு என்று அம்மாவையே கேட்டதுதான். சிறுநீரக நோயில் வரும் தோல் அரிப்புக்காக யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த அலர்ஜி மாத்திரையை இரண்டு வேளையும் போட்டுக்கொண்டிருந்தார். பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கத்தையும் நினைவுக் குழப்பத்தையும் உண்டாக்கும் என்று சொல்லி அதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் அம்மா பழையபடி தெளிவாகப் பேசத் தொடங்கினார். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோவது, உப்புச் சத்து குறைவது, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் இதே மாதிரி மறதியைக் கொண்டுவரும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பெரியவர்களுக்குப் புத்தி மங்கிவிட்டது என்று நாமே முடிவு கட்டுவதற்கு முன் இவற்றையெல்லாம் பார்த்துவிட வேண்டும். நாங்கள் பார்க்காமல்தான் இருந்தோம்.

அந்த மருத்துவரிடம் அடுத்த சந்திப்புக்கு நேரம் கேட்டபோது காலை பத்து மணிக்கு என்று குறித்து வாங்கினோம், அம்மாவுக்குத் தெளிவான நேரம் அதுதான். அம்மாவை மருத்துவருக்கு நேர் எதிரே உட்கார வைத்து, நாங்கள் மூவரும் பின்னால் நின்றோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் முக்கியமான சொற்களை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் காட்டினேன். நாங்கள் குறுக்கே பேச வாயெடுத்தபோதெல்லாம் மருத்துவர், "அம்மா சொல்லட்டும்" என்று கையமர்த்தினார்.

அவர் மூன்று வழிகளை விளக்கினார். மெஷின் டயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எங்கள் கிராமத்திலிருந்து மையத்துக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சில மணி நேரத்தில் நீரை இழுத்துவிடுவதால், வலுவிழந்த இதயத்துக்குச் சில வேளை இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிடும். வயிற்று வழி டயாலிசிஸ் என்றால் வயிற்றில் ஒரு குழாய் வைத்து, புண் ஆற இரண்டு வாரங்கள் போல விட்டு, அதன்பின் வீட்டிலேயே ஒரு நாளைக்கு நான்கு முறை இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். இதயத்துக்கு இது மென்மையானது. ஆனால் கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் தொற்று வரும், திரவத்தில் இருக்கும் குளுக்கோஸால் சர்க்கரை ஏறும், மலச்சிக்கல் வந்தால் திரவம் சரியாக வடியாது. மூன்றாவது வழி, டயாலிசிஸ் இல்லாமல் மூச்சுத்திணறல், அரிப்பு, குமட்டல் ஆகியவற்றை மட்டும் மருந்தால் அடக்கிக்கொண்டு இருப்பது. இதையும் ஒரு சிகிச்சையாகவே, கைவிடுவதாக இல்லாமல், அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு அம்மாவைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். கைவிரலை நீட்டி, "இந்த ரெண்டாவது. ரெண்டு மாசம் பாக்குறேன். எனக்கு ஒத்துக்கலன்னா நிறுத்திடணும், அப்ப யாரும் என்னைக் கெஞ்சக் கூடாது" என்றார். அண்ணன் அழுதுவிட்டார்.

குழாய் வைக்கும் நாளில் ஒப்புதல் படிவத்தைப் பணியாளர் ஒருவர் வழக்கம்போல் தம்பியிடம் நீட்டினார். நோயாளி தெளிவோடு இருக்கும்போது அவர் கையெழுத்துதான் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னோம். நம் நாட்டில் இதற்குச் சட்ட அடிப்படை உண்டு. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிப் பெரிய அறுவை சிகிச்சை செய்த ஒரு வழக்கில், வயதுவந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒருவருக்காக, அவசரநிலை இல்லாதபோது, தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்று 2008ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குடும்பத்தார் கையெழுத்துப் போடுவது நம் ஊரில் அவ்வளவு பழகிப்போனதால், இது பலருக்கும் தெரிவதில்லை. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். கால்மணி நேரம் ஆனது. பணியாளர் பொறுமையாக நின்றார்.

இதோடு இன்னொன்றையும் அம்மா கேட்டார். மூச்சு நின்றுபோகும் நிலை வந்தால், பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, வென்டிலேட்டரில் வைத்திருக்கக் கூடாது என்றார். இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்று மாற்றினார்கள். நாங்கள் நோட்டரியிடம் முடித்தோம். பிரதியை வாங்கி வைக்க வேண்டிய உள்ளூர் அலுவலகத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை தீர்ப்பின் நகலோடு போனபோது வாங்கிக்கொண்டார்கள்.

அம்மாவால் பேச முடியாத நிலை வந்தால் அவர் சார்பில் பேச யார் என்ற இடத்தில், அண்ணன் பெயரையோ தம்பி பெயரையோ என் பெயரையோ அவர் சொல்லவில்லை. தம்பி மனைவியின் பெயரைச் சொன்னார். எனக்கு மனசு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. "நீங்க மூணு பேரும் அழுதுகிட்டு நிப்பீங்க. அவ நான் சொன்னதைச் செய்வா" என்றார். இரவில் எழுந்து அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பவரும், இன்சுலின் போடுபவரும் அவர்தான் என்பதால், என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டு மாதக் கெடு முடிந்த அன்று நாங்கள் மறந்துபோனாலும் அம்மா மறக்கவில்லை. அவரே டைரியைக் கொண்டுவந்து, தொடரலாம் என்றார், ஆனால் இரவு பத்தரை மணித் திரவப் பையை ஒன்பதுக்கு மாற்றச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டு மாற்றினோம். மருமகள் கையைக் கழுவி முகக்கவசம் கட்டிக்கொண்டு பையை இணைப்பார். வடிந்து வந்த பையை ஸ்பிரிங் தராசில் மாட்டி, கலங்கலாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது அம்மாவின் வேலை. கலங்கல் என்றால் தொற்று, அன்றே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். ஒரு முறை அப்படி வந்து, அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். திரவப் பைகள் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டுக்கே வருகின்றன. காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார், ஒரே தலையணையில்.

அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை என்று டைரியில் மூன்று எழுதியிருக்கிறார். முதலாவது மாம்பழம் சாப்பிடலாமா என்பது, இரண்டாவது பேத்தி கல்யாணத்துக்குத் திருச்சி போனால் பைகளை எப்படி எடுத்துப்போவது என்பது. மூன்றாவதைக் கையால் மறைத்துக்கொண்டார். டாக்டரிடம் தானே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.