கருகியது ஒன்று, காரணம் இன்னொன்று

கோவையில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவனுக்கு வருஷம் பூராவும் பம்ப்செட் வேலைதான். ஆனாலும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களிலிருந்து எப்போதாவது ஒரு பழைய வேக்குவம் கிளீனர் வந்தால், பையன்களிடம் தள்ளாமல் நானே உட்கார்ந்து பிரிப்பேன். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய மோட்டாரைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு இந்தத் தொழிலில் அடிக்கடி கிடைக்காது.

பம்பில் பழகிய கைக்கு இது புதுசு. அங்கே இண்டக்‌ஷன் மோட்டார். சுற்றுவது நிமிஷத்துக்கு 3,000-ஐ எட்டாது, சுழலும் செம்பை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டையும் கிடையாது. வேக்குவம் கிளீனரில் இருப்பது நம் வீட்டு மிக்ஸியில் இருக்கும் யுனிவர்சல் மோட்டார். பத்தாயிரம் சுற்றைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த வேகத்தில் எந்தச் சின்னக் கோணலும் சின்னதாகவே இருந்துவிடாது.

கார்பன் தேய்ந்துவிட்டது என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். தேய்வதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். செம்பைக் காப்பாற்ற அது கரைகிறது. எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். முகம் வழவழப்பாக, கம்யூட்டேட்டரின், அதாவது கார்பன் உரசும் செம்புப் பட்டை உருளையின், வளைவுக்குப் பொருந்தி இருந்தால் மோட்டார் ஆரோக்கியமாக ஓடியிருக்கிறது. ஓரம் சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தால் கார்பன் குதித்திருக்கிறது: செம்பு தேய்ந்து, பட்டைகளுக்கு நடுவே மின்காப்பாக உள்ள மைக்கா மேலே துருத்தியிருக்கலாம், அல்லது பேரிங் ஆடியிருக்கலாம். ஸ்பிரிங் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் அதன் விறைப்பு போய்விட்டது. புதுக் கார்பன் போட்டும் பயனில்லை. அதனால் கழற்றிய கார்பனை வேலை முடியும்வரை குப்பையில் போட விடமாட்டேன்.

தூசி எந்த வழியாகப் போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எலக்ட்ரோலக்ஸ் 1921-இல் கொண்டுவந்த மாடல் ஃபைவ் போன்ற உருளை வடிவ மெஷின்களில் காற்று முதலில் தூசிப்பைக்குள் நுழைந்து, பிறகு ஃபேனைக் கடந்து, கடைசியில் மோட்டார் மேல் பாய்ந்து அதைக் குளிரவைத்து வெளியேறும். பையில் ஊசித் துளை விழுந்தால் போதும், வீட்டுத் தூசி மொத்தமும் வைண்டிங் மேல்தான். பேரிங்கில் உள்ள கிரீஸோடு அந்தத் தூசி கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். பேரிங் லூஸாகி, சுழலும் பாகமான ஆர்மெச்சர் ஆடி, கார்பன் பொறி கக்கி, கடைசியில் புகை. ஆர்மெச்சரை மட்டும் சுற்றி அனுப்பினால் அதே மெஷின் அதே புகையோடு திரும்பி வரும்.

ஹூவர் நிமிர்நிலை மெஷின்களில் வழி நேர் எதிர். குப்பை முதலில் ஃபேனில் அடித்துவிட்டுத்தான் பைக்குப் போகும். கல், காசு, ஹேர்பின் எல்லாம் ஃபேன் தாங்கவேண்டிய அடிகள்.

மேற்கு லண்டனின் பெரிவேல் ஆலையில் செய்த ஹூவர் ஜூனியர் ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது. கொண்டுவந்த பங்களாக் காவலர், "ஏனுங்க, புது மோட்டாரே மாட்டிக் குடுத்துடுங்களேன்" என்றார். ஆர்மெச்சரை வெளியே எடுத்தேன். கம்யூட்டேட்டர் முழுக்க ஒரே சீரான காப்பிப்பொடி நிறம். அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு நடுவே மட்டும் கன்னங்கரேலென்று கருகல். பட்டறைப் பையன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, "பளிச்னு தேச்சுடட்டுங்களாண்ணா?" என்றான். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். அந்தப் பழுப்புப் படலம் அழுக்கில்லை; செம்பும் கார்பனும் உரசி உரசிப் படிந்த காப்பு, அதன் மேல்தான் கார்பன் வழுக்கி ஓடுகிறது.

மல்டிமீட்டரை வைத்துப் பட்டை பட்டையாக அளந்தோம். எல்லா இடத்திலும் ஒரே அளவு, அந்த இரண்டுக்கு நடுவே மட்டும் பல மடங்கு. காயில் கம்பி பட்டையோடு சேரும் இடத்தில் அறுந்திருந்தது. காயிலில் ஷார்ட் இருந்தால் பிளேடை அதிரவைத்துக் காட்டும் கிரௌலர் என்ற கருவியில் வைத்து பிளேடைக் காட்டினோம். அதிரவில்லை, ஷார்ட் கிடையாது. கம்பி ஏன் அறுந்தது? ஃபேனைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு இதழின் நுனி உடைந்திருந்தது. சமன் தப்பிய ஃபேன் தண்டை உலுக்க, கீழ்ப் பேரிங்கும் கடகடவென்று ஆட, அந்த அதிர்வில்தான் கம்பி களைத்து அறுந்திருக்கிறது.

கம்பியை இழுத்துச் சேர்த்துப் பற்றவைத்தோம். கருகிய பள்ளம் போக லேத்தில் மயிரிழை அளவு மட்டும் கடைந்தோம். பழுப்புப் படலமும் அதோடு போனது. ஓட ஓட மறுபடி படியும். தேய்த்து மெலிதாக்கிய ஹேக்ஸா பிளேடால் மைக்காவைச் செம்புக்குக் கீழே இறக்கினோம். கார்பனை வளைவுக்குப் பொருத்தும்போது உப்புத்தாள் மட்டும்தான். எமரித்தாளின் துகள் கார்பனில் பதிந்து செம்பை அறுத்துவிடும். ரப்பர் உறை போட்ட பழைய வயர்கள் வளைத்தவுடன் பொடிப்பொடியாக உதிர்ந்தன, எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. பேரிங்கும் புதுசு.

புது மோட்டார் மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. இதைச் செய்தவர்கள் இன்னொருவன் திறப்பான் என்று எண்ணித் திருகாணி வைத்திருக்கிறார்கள். இப்போது வருவதில் பலவும் அடித்து மூடியவை, திறந்தால் உடைகிறது.

ஜூனியருக்கு ஃபேன் இன்னும் கிடைக்கவில்லை. உடைந்த இதழுக்கு எதிர்ப்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்து, கத்திமுனையில் நிறுத்திச் சமன் பார்த்து மாட்டியிருக்கிறேன். உறிஞ்சும் வேகம் சற்றுக் குறையும். இங்கிலாந்தில் பழைய பாகம் விற்பவர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும்வரை சரளைக்கல் பாதையை ஒட்டிய வராந்தாவில் இதை ஓட்டக்கூடாது என்று காவலரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.